ரெண்டு சம்பளம் வரைக்கும் போதுமுங்க

"ஏனுங் டாக்டர், இதைச் சாகற வரைக்கும் பண்ணோணுங்களா?"

மூட்டுவலியோ முதுகுவலியோ கழுத்துவலியோ, பயிற்சியைச் சொல்லிக் கொடுத்து முடித்ததும் வருகிற முதல் கேள்வி இதுதான். திருப்பூரில் இயன்முறை மருத்துவராக 12 வருடம் ஓட்டிவிட்டேன். (எங்களை டாக்டர் என்று கூப்பிடலாமா கூடாதா என்பது தனிப் பஞ்சாயத்து, அது இங்கே வேண்டாம்.) ஆரம்பத்தில் இந்தக் கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவேன். "ஆமாங்க, ஆயுசுக்கும் செய்யணும்." கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு, பயிற்சிப் படம் போட்ட தாளை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு போவார். அடுத்த மாதம் அதே வலியோடு வருவார். பர்ஸில் தாள் மடிப்புக் கலையாமல் இருக்கும்.

இப்போது வேறு பதில் வைத்திருக்கிறேன். "ரெண்டு சம்பளம் வரைக்கும் பண்ணுங்க. அப்புறம் பேசிக்கலாம்."

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம். இங்கே பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம்தான் வழக்கம், சனிக்கிழமை கைக்கு வரும். டெய்லருக்கு மாதக் கணக்கைவிடச் சனிக்கிழமைக் கணக்குதான் நன்றாகப் புரியும். தோட்டத்துப் பக்கமிருந்து வருகிறவர்களிடம் சம்பளக் கணக்கு எடுபடாது. அவர்களிடம், "அமாவாசைக்கு ஆரம்பிச்சுப் பௌர்ணமிக்கு முடிச்சுக்குங்க" என்பேன். 15 நாள். சுவரில் தொங்கும் காலண்டரிலேயே அச்சடித்திருக்கிறது, தனியாக எழுதி வைக்க வேண்டாம். தேய்பிறையில் வந்து மாட்டிக்கொண்டு தயங்குகிறவர்களிடம், "இப்ப ஆரம்பிச்சா வலி தேயுமுங்க" என்று சொல்லிவிடுவேன். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்கள்.

நல்ல நாள் பார்ப்பதைக் கிண்டல் செய்கிற ஆள் நான் இல்லை. 2014இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கூகுள் தேடலையும் ஜிம் வருகையையும் எடுத்துப் பார்த்தபோது, வாரம், மாதம், வருடம் பிறக்கும்போதும் பிறந்தநாள் முடிந்த கையோடும் ஆட்கள் புதிதாகத் தொடங்குவது கூடுவது தெரிந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் வளர்பிறை பார்த்ததும் கிட்டத்தட்ட அதே காரியம்தான். ஆனால் நாள் பார்க்கிற சாக்கில் மூன்று வாரம் தள்ளிப்போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

குறுகிய காலக் கட்டுப்பாடு கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. எங்கள் ஊரில் மாரியம்மனுக்குப் பூச்சாட்டி, முக்கவராகக் கிளைத்த கம்பத்தை நட்டுவிட்டால், அதைப் பிடுங்குகிற நாள்வரை வீட்டில் கறி வேகாது. விடிகாலையில் பெண்கள் குடத்தில் மஞ்சள் தண்ணீர் கொண்டுபோய்க் கம்பத்துக்கு ஊற்றுவார்கள். ராத்திரி ஆண்கள் அதைச் சுற்றி ஆடுவார்கள். "தினமும் அஞ்சு மணிக்கு எந்திரிக்க முடியலீங்" என்று என்னிடம் புலம்பிய அதே அம்மிணி, அந்த நாட்களில் நாலரைக்கே தலைக்கு ஊற்றிக்கொண்டு நிற்பார். தைப்பூசக் கதையும் இதேதான். "20 நிமிஷம் நடக்க முடியலீங்" என்று மார்கழியில் சொன்னவர், தை பிறந்ததும் தாராபுரம் வழியாகப் பழனிக்கே நடந்து போய்விட்டுக் குதிகால் வலியோடு வந்து நிற்பார். பழகாமல் நடந்ததற்குத் திட்டுவேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஒன்று உறைக்கும். இவருக்கு மன உறுதி இல்லை என்று போன மாதம் நான் நினைத்தது தப்பு. முடிவு தெரியாத காரியத்துக்குத்தான் அவர் உடம்பு வளையவில்லை.

அதனால்தான் எல்லைபோட்டுக் கேட்கிறேன். ஆயுசுக்கும் என்றால் மனசு உடனே கணக்குப் போடும்: கல்யாணம் வரும், சீர் வரும், சரக்கு அனுப்புகிற சிப்மெண்ட் அவசரம் வரும், அப்போதெல்லாம் என்ன செய்வது? 15 நாளுக்கு அந்தக் கணக்கே எழாது.

இதோடு நிறுத்தினால் கட்டுரை அழகாக முடிந்துவிடும். ஆனால் நடைமுறையில் இங்கேதான் கோளாறு தொடங்குகிறது.

என் சொந்தக்காரர் ஒருவர் வருடா வருடம் கார்த்திகை முதல் தேதி மாலை போடுவார். மண்டலம் முழுக்கப் பீடி இல்லை, குடி இல்லை, காலில் செருப்பு இல்லை. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய ராத்திரியே பழைய ஆள். பல வருடமாக இதைப் பார்க்கிறேன். 15 நாளில் விட்டால் கெட்டுப்போகும், 40 நாளுக்கு மேல் செய்தால் நிலைக்கும் என்றால், இவர் எப்போதோ திருந்தியிருக்க வேண்டும்.

அந்த நாட்களில் அவரைப் பிடித்து வைத்திருந்தது மாலை. கழுத்தில் கிடக்கிறது, கண்ணாடியில் தெரிகிறது, பெட்டிக்கடைக்காரர்கூட "சாமி" என்கிறார், வீட்டில் தனித் தட்டு. மாலை இறங்கியதும் அத்தனையும் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன. அதே பெட்டிக்கடை, அதே கூட்டாளிகள், அதே சாயங்காலம் மட்டும் அங்கேயே இருக்கின்றன. விரதத்தை நான் குறை சொல்லவில்லை. விரதத்தின் வேலை வேறு. பழக்கம் வேண்டுமென்றால், 16ஆம் நாளும் அங்கேயே இருக்கப்போகிற ஏதாவது ஒன்றில் அதைக் கட்டிவைக்க வேண்டும்.

இதை எனக்குத் தெளிவாக்கியவர் ஒரு சிங்கர் டெய்லர், அதாவது ஒற்றை ஊசித் தையல் மிஷினில் உட்காருகிறவர். வயது 34, கழுத்திலிருந்து தோள்பட்டை வரை வலி. ஒன்றரை ஷிப்ட், சாய்மானமில்லாத ஸ்டூல், ஊசி முனையைப் பார்த்துக் குனிந்தபடியே நாள் முழுக்க. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள் என்று புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பீஸ் ரேட்டுங் டாக்டர். எந்திரிச்சா காசு போயிருமுங்" என்றார். எழுந்து நிற்பதற்குக் கூலி தருகிறவர் யாருமில்லை. அலாரம் வைக்கலாமா என்றால், அந்த இரைச்சலில் அலாரம் யாருக்குக் கேட்கும்?

மிஷின் எப்போதெல்லாம் தானாக நிற்கும் என்று கேட்டேன். நூல் அறும்போது, அடிநூல் சுற்றிய பாபின் தீரும்போது. நூல் எப்போது அறும் என்று சொல்ல முடியாது. பாபின் தீர்ந்தே ஆக வேண்டும். காலையில் டீ வருவதற்குள் 4 தடவையாவது மாற்றுவாராம். அது ஏற்கெனவே நின்றுபோன நேரம், அதற்குக் கூலி வெட்டு கிடையாது. சரி, பாபின் மாற்றிக் கையை எடுத்ததும், மிதியில் கால் வைக்கும் முன்பு, தாடையை உள்ளே இழுத்து 5 விநாடி, தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் நெருக்கி 5 விநாடி. ஒவ்வொன்றும் 2 தடவை. மொத்தம் 20 விநாடி. ரெண்டு சம்பளம் வரைக்கும்.

முதல் வாரம் பாதி பாபினுக்கு மறந்தார். இரண்டாவது வாரம் பக்கத்து மிஷின்காரர், "என்னண்ணா, கழுத்தைக் கழுத்தை இழுக்கறீங்?" என்று கேட்கத் தொடங்க, மறக்க வழியில்லாமல் போய்விட்டது.

இப்படிக் கட்டிவைப்பது என் கண்டுபிடிப்பில்லை. 'இன்னது நடந்ததும் இன்னது செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவுசெய்து வைப்பது, வெறுமனே 'செய்வேன்' என்பதைவிடப் பலிக்கிறது என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் விரிவாக எழுதியிருக்கிறார். எனக்கு அதைவிடப் பயன்பட்டது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நடந்து 2010இல் அச்சான ஓர் ஆய்வு. 96 பேர். ஆளுக்கு ஒரு புதுப் பழக்கம், அதை அன்றாடம் நடக்கும் ஏதாவது ஒன்றோடு சேர்த்து 84 நாள். யோசிக்காமல் தானாகச் செய்கிற நிலை வர, நடுவாக எடுத்தால் 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது. மெதுவானவர்களுக்கு, வரைபடத்தை நீட்டிக் கணக்கிட்டபோது, 254 நாள் வரை வந்தது. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சிக்குக் கூடுதல் நாள் பிடித்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை.

வாட்ஸ்அப்பில் சுற்றும் '21 நாள்' இதில் எங்கும் வராது. 1960இல் ஓர் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், மாறிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்று எழுதினார். கைமாறிக் கைமாறி வந்ததில் 'குறைந்தது' உதிர்ந்துவிட்டது.

அப்படியானால் 15 நாளில் பழக்கம் வந்துவிடாதே என்று கேட்பீர்கள். வராதுதான். கட்டிய இடம் சரியா என்று பார்க்க மட்டுமே 15 நாள். அவினாசிப் பக்கத்து அம்மிணி ஒருவர், வயது 58, இரண்டு முழங்காலும் தேய்மானம். தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி: உட்கார்ந்தபடி காலை நீட்டி 5 விநாடி பிடித்து இறக்குவது, காலுக்குப் பத்து. முதலில் காலை டீயோடு சேர்த்தோம். தோற்றுப்போனது. காலையில் பால் சொசைட்டிக்கு ஓடவேண்டும், டீயை நின்றுகொண்டே குடிக்கிறவர். இரண்டாவது 15 நாளுக்கு, பொழுதோட மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுத் திண்ணையில் உட்காரும் நேரத்துக்கு மாற்றினோம். பிடித்துக்கொண்டது. மாடு ஒரு நாளும் லீவு விடுவதில்லை.

வலி 15 நாளில் போய்விடும் என்று யாருக்கும் நான் வாக்குக் கொடுப்பதில்லை. முதல் சில வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு, இருக்கிற தசையை நரம்புகள் நன்றாக வேலை வாங்கக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை தடிக்க அதற்கு மேலும் பல வாரம் வேண்டும். அதனால் வலியை அளக்காமல் வேறொன்றை அளப்பேன். கையை மார்பில் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது? அந்த அம்மிணி முதல் நாள் 7. மாட்டுத் தண்ணிக் கணக்குக்கு மாறி 15 நாள் கழித்து 9. "ரெண்டு கூடிருச்சுங்களா?" என்று மகளிடம் திரும்பி இரண்டு தடவை கேட்டார். வீட்டில் நீங்களே பார்ப்பதென்றால் நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, பக்கத்தில் ஆளை நிறுத்திக்கொள்ளுங்கள்.

15ஆம் நாள் என்னிடம் வந்தே ஆகவேண்டும், வர முடியாவிட்டால் போனிலாவது பேசவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். செய்தீர்களா என்று கேட்பதில்லை, அப்படிக் கேட்டால் எல்லோரும் செய்தேன் என்பார்கள். எந்த நாள் விட்டுப்போச்சு, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்பேன். அங்கேதான் சரக்கு இருக்கிறது. சிப்மெண்ட் ராத்திரி விட்டுப்போனது என்றால், அந்த நாளுக்கென்று ஒரு குறைந்த அளவு வைப்போம்: முதல் பாபினுக்கு மட்டும், மற்றதெல்லாம் மன்னிப்பு. ஞாயிற்றுக்கிழமை மிஷினே இல்லை, அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. உண்மையான சோதனை தீபாவளி. போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனால் வாரக் கணக்கில் மிஷின் முகத்தில் முழிக்க மாட்டார்கள், திரும்பி வரும்போது பழக்கம் பாதி கழன்றிருக்கும். அதனால் தீபாவளிக்கு அடுத்த திங்கட்கிழமை புதிதாக ரெண்டு சம்பளம் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். சிலர் 15ஆம் நாள், "இது எனக்கு ஒத்துவரலீங்" என்பார்கள். சரி என்று விட்டுவிட்டு வேறு பயிற்சி தருவேன். ஆயுசுக்கும் என்று தொடங்கியிருந்தால் அதைச் சொல்லவே வெட்கப்பட்டு, இந்தப் பக்கமே வராமல் போயிருப்பார்கள்.

ஊருக்கு உபதேசம் செய்கிற நானும் ஒரு வருடத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டி ஜிம்மில் சேர்ந்தவன்தான். போனது 11 நாள். என் மனைவி அந்த ரசீதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

எல்லாவற்றையும் 15 நாள் பரீட்சையாகப் பார்க்கக் கூடாது. முதுகுவலியோடு காலில் மரத்துப்போவது, கால் பலம் குறைவது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு தப்புவது, காய்ச்சல், தூங்கவிடாத ராத்திரி வலி இதில் எது இருந்தாலும் பயிற்சி வேண்டாம், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். அதேபோல, தினமும் நிறையக் குடிக்கிறவர் மாலை போட்ட வேகத்தில் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிருக்கே ஆபத்து. நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் மருத்துவரின் துணையோடு. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் பட்டினி விரதம் எடுக்கும் முன்பும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தச் சிங்கர் டெய்லர் போன மாதம் மறுபடியும் வந்தார். கழுத்து பழையபடி. கோபம்கூட வந்தது எனக்கு, ஒரு வருடம் நன்றாக ஓடிய பழக்கம். விசாரித்தால், கம்பெனி மாறி, துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருக்கிறார். ஓவர்லாக்கில் பாபின் ஏது? "மறக்கலீங் டாக்டர், அது வரவே இல்லீங்" என்றார். இப்போது தைக்க வரும் துணிப் பண்டலைப் பிரிக்கும்போது என்று மாற்றியிருக்கிறோம். இந்தச் சனிக்கிழமையோடு ஒரு சம்பளம் ஆகிறது.