மயில்துத்தத்துக்கு நடுவே ஒரு புள்ளி

பத்தாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் போன வாரம் கேட்டாள்: "மாமா, காப்பர் சல்பேட் வாய்ப்பாட்டுல நடுவுல ஒரு புள்ளி இருக்கே, அது பெருக்கலா கூட்டலா?"

நாம் மயில்துத்தம் என்று சொல்லும் நீலப் படிகம்தான் அது; வாய்ப்பாடு CuSO₄·5H₂O. அதன் முழுப் பெயரை முதலில் முடித்துவிடலாம்: காப்பர்(II) சல்பேட் பென்டாஹைட்ரேட். தாமிர அயனி இரண்டு எலக்ட்ரான்களை இழந்தது, சல்பேட்டிடம் இரண்டு கூடுதல். ஆகவே ஒன்றுக்கு ஒன்று. தாமிரம் ஒரே எலக்ட்ரானை இழப்பதும் உண்டு. அதனால் எந்தத் தாமிரம் என்று காட்ட அடைப்புக்குறிக்குள் ரோமன் இரண்டு. ஆல்ஃபிரெட் ஸ்டாக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1919-இல் முன்வைத்த முறை இது. கடைசியில் வரும் பென்டாஹைட்ரேட் என்றால் ஐந்து நீர்.

புள்ளி கூட்டல்தான். மூலக்கூறு எடையைக் கூட்டிப் பார்த்தால், காப்பர் சல்பேட் பகுதி சுமார் 160, ஐந்து நீருக்கு 90, மொத்தம் 250. அப்படியென்றால் ஒரு கிலோ மயில்துத்தத்தில் 360 கிராம் தண்ணீர்! தோட்டத்தில் பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவையைத் தயாரிப்பவர்கள் 100 லிட்டருக்கு ஒரு கிலோ துத்தம் என்று போடும் கணக்கு இந்தத் தண்ணீரையும் சேர்த்த எடைதான். கையில் எடுத்தால் ஈரமே தெரியாது.

அந்தத் தண்ணீர் எங்கே இருக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். படிகத்தின் வழியாக எக்ஸ் கதிரைச் செலுத்தி 1912-இல் மியூனிக்கில் கதிர் சிதறி விழுந்த புள்ளிக்கோலத்தை முதன்முதலாகப் படம் எடுத்தார்களே, அந்தப் படிகம் மயில்துத்தம். அதற்குள் அணுக்கள் அமைந்திருக்கும் முழு அமைப்பை பீவர்ஸ், லிப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1934-இல் கண்டுபிடித்தார்கள். நான்கு நீர் மூலக்கூறுகள் தாமிரத்தைச் சதுரமாகச் சூழ்ந்திருக்கின்றன. மேலும் கீழும் சல்பேட்டின் ஆக்சிஜன்கள். ஐந்தாவது நீர் தாமிரத்தைத் தொடுவதே இல்லை. சல்பேட்டுக்கும் மற்ற நீருக்கும் இடையே ஹைட்ரஜன் பிணைப்பு என்ற மெல்லிய ஈர்ப்பில் தொற்றிக்கொண்டிருக்கிறது. வாய்ப்பாடு ஐந்தையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறது.

நீல நிறமும் அந்த நான்கின் வேலைதான். அவை நெருங்கி நிற்பதால் தாமிரத்தின் எலக்ட்ரான்களுக்கிடையே ஓர் ஆற்றல் இடைவெளி உண்டாகிறது. சிவப்பு, ஆரஞ்சு ஒளியை அது விழுங்கிக்கொள்ள, மிச்சம் நீலமாகத் தெரிகிறது. சூடாக்கினால் நீர் படிப்படியாகக் கழன்று, கடைசி ஒன்று சுமார் 200 டிகிரியில் வெளியேறும். பிறகு தாமிரத்தைச் சுற்றி சல்பேட்டின் ஆக்சிஜன்கள் மட்டும். அவற்றின் பிடி தளர்வு; இடைவெளி சுருங்கி, விழுங்கும் ஒளி அகச்சிவப்புக்குப் போய்விடும். பொடி வெள்ளையாகிவிடும்.

இதை அவள் பள்ளியில் பார்த்ததே இல்லை. ஆய்வக அலமாரி பூட்டியே இருக்கிறதாம். ஒரு சோதனைக் குழாயும் ஒரு கரண்டி துத்தமும் எத்தனை ரூபாய்? அதற்கு ஒதுக்க மனமில்லாமல் வாய்ப்பாட்டை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்வது எனக்கு ஆறவே இல்லை.

சனிக்கிழமை நண்பரின் கல்லூரி ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனேன். வெள்ளைப் பொடி ஆறியதும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். விழுந்த இடத்தில் நீலம் படர்ந்தது. குழாயைத் தொட்டவள் சட்டென்று கையை எடுத்தாள்.

"மாமா, தண்ணிதானே விட்டேன்? ஏன் சுடுது?"