ஒரு சென்டுக்கு ஒரு ரிசீவ் என்று யார் சொன்னது?

நெட்வொர்க்கில் ஒருமுறை அனுப்பியது (சென்ட்) மறுமுனையில் ஒரே வாங்கலில் (ரிசீவ்) அப்படியே வந்துவிடும் என்று நம்பி எழுதிய ப்ரோகிராம். இந்த மாதமும் அதே கேஸ்தான். எடை மேடையில் லாரி ஏறியதும் அதன் எடை ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் வழியாகத் தலைமை அலுவலக சர்வருக்குப் போக வேண்டும். வாரக்கணக்கில் ஒழுங்காக ஓடியிருக்கிறது. ஒருநாள் நெட் கொஞ்ச நேரம் திணறி, தேங்கிய பதிவுகள் மொத்தமாக வந்து சேர்ந்தபோது, 23450 கிலோ லாரி 234 கிலோ என்று பதிவாகிவிட்டது. மிச்சமிருந்த 50 அடுத்த பதிவின் தலையில் ஒட்டிக்கொண்டது. "நெட்வொர்க் டேட்டாவைத் தின்னுது சார்" என்றார் அதை எழுதிய தம்பி. ஒரு பைட்டைக்கூட அது தின்னவில்லை. எல்லாம் வரிசை மாறாமல் வந்திருந்தன. படித்த விதம்தான் தப்பு.

கணினிகளுக்கு இடையே தரவை வரிசை மாறாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் விதிமுறைதான் டிசிபி (TCP). அதற்கு மெசேஜ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. பைட்டுகள், அவற்றின் வரிசை, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நீங்கள் மூன்று முறை சென்ட் செய்தது எதிர்ப்பக்கம் ஒரே ரிசீவில் ஒட்டிக்கொண்டு வரலாம். ஒரே சென்ட் நான்கு துண்டாகவும் வரலாம். இரண்டு முழுசும் மூன்றாவதில் பாதியுமாகக்கூட வரலாம். மூன்றுமே சரியான நடத்தைதான். டம்ளர் டம்ளராகக் குழாயில் தண்ணீர் ஊற்றிவிட்டு, மறுமுனையில் அதே டம்ளர் கணக்கில் பிரித்துக் கொடு என்றால் குழாய் என்ன செய்யும்? 1981-ல் வந்த அதன் விதி ஆவணமான ஆர்எஃப்சி 793-லிருந்தே டிசிபி இப்படித்தான் இருக்கிறது. ஒரு முறைக்கு எத்தனை பைட் என்று ரிசீவுக்கு நீங்கள் தரும் 1024 என்பதும் உச்சவரம்பு மட்டுமே. அத்தனை பைட் சேரும்வரை அது காத்திருக்காது, ஒரு பைட் கிடைத்தாலும் திரும்பிவிடும்.

"என் லேப்டாப்பில் ஓடுதே" என்பார்கள். ஓடும்தான். லினக்ஸில் லூப்பேக்கின் (கணினி தன்னோடு தானே பேசும் வழி) எம்டியு, அதாவது ஒரு துண்டின் உச்ச அளவு, 65536 பைட், ஈதர்நெட்டில் வழக்கமாக 1500. உள்ளுக்குள் ஒரே துண்டாகப் போவது வெளியே வந்தால் பல துண்டாகும். லோக்கல்ஹோஸ்ட்டில், அதாவது அதே கணினிக்குள், ஓடிய சோதனை எதையும் நிரூபிக்காது.

அடுத்து வருவது ஸ்லீப். இரண்டு சென்டுக்கு நடுவே அரை நொடி தூங்க வைத்துவிட்டு, சரியாகிவிட்டது என்று டிக்கெட்டை மூடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். வழியில் நெரிசல் வந்ததும் இரண்டும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். 1024-ஐ 65536 ஆக்குவதும் இதே ரகம்தான், பிழை இன்னும் அபூர்வமாகும், கண்டுபிடிக்க இன்னும் கஷ்டமாகும்.

தமிழில் தரவு அனுப்புகிறவர்களுக்கு இந்தப் பிழை சீக்கிரமே தெரிந்துவிடும். எழுத்தைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'க' மூன்று பைட். 1024 மூன்றால் வகுபடாது. துண்டின் கடைசியில் எழுத்து பாதியில் அறுந்தால், பைட்டை மறுபடி எழுத்தாக்கும்போது (டிகோட் செய்யும்போது) யூனிகோட் டிகோட் எரர் வரும். உடனே பிழையைப் புறக்கணி என்று போட்டு எழுத்துகளைத் தொலைக்காதீர்கள். முழு மெசேஜும் சேர்ந்த பிறகு டிகோட் செய்யுங்கள்.

எல்லையை நீங்கள்தான் வகுக்க வேண்டும். மெசேஜுக்கு முன்னால் அதன் நீளத்தை நான்கு பைட்டில் அனுப்புங்கள், அல்லது ஒவ்வொரு பதிவையும் புதுவரி எழுத்தால் முடியுங்கள். எடை மேடைக்கு இரண்டாவதே போதும். வருகிற பைட்டுகளை ஒரு பஃபரில் (தற்காலிகச் சேமிப்பில்) சேருங்கள், முழுசாக இருப்பதை மட்டும் எடுங்கள், மிச்சத்தை அடுத்த சுற்றுக்கு வையுங்கள். அனுப்பும்போது சென்ட் வேண்டாம், சென்ட்ஆல். சென்ட் எல்லாவற்றையும் அனுப்பிவிடும் என்ற உறுதி கிடையாது, எத்தனை பைட் போனது என்று அது திருப்பித் தரும் எண்ணை யாரும் பார்ப்பதும் இல்லை.

ரிசீவ் காலி பைட் தந்தால் எதிர்ப்பக்கம் அனுப்பி முடித்துவிட்டது என்று அர்த்தம், லூப்பை விட்டு வெளியேறுங்கள். இல்லாவிட்டால் சிபியு 100 சதவீதத்தில் சுற்றும். டைம்அவுட் வையுங்கள். பைத்தான் தானாக எதுவும் வைக்காது, கேபிளைப் பிடுங்கினாலும் ரிசீவ் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அப்புறம், கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட் வந்தால் பெரும்பாலும் அந்த போர்ட்டில் (இணைப்பு எண்ணில்) எந்த ப்ரோகிராமும் இணைப்புக்காகக் காத்திருக்கவில்லை. பதிலே இல்லாமல் டைம்அவுட் ஆனால் முதலில் ஃபயர்வாலைப் பாருங்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு ஒரு நாளை வீணாக்காதீர்கள்.

ஒப்படைக்கும் முன் ஒன்றே ஒன்று செய்யுங்கள். ரிசீவுக்குத் தரும் எண்ணை 1 ஆக்கி ஓட்டிப் பாருங்கள். மெதுவாக ஓடும், பரவாயில்லை. ஒரு பதிவு சிதைந்தாலும் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.