இருபது மேசைகளுக்குப் பத்து டிரங்க் லைன்

நெல்லையிலிருந்து பம்பாயில் இருக்கும் மகனோடு பேசுவதற்கு டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்தவர்கள் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஒரு தொலைபேசி நிலையத்தை இன்னொன்றோடு இணைத்த பொது வழிக்குத்தான் டிரங்க் என்று பெயர். 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே நேரடியாக எண்ணைச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வசதி தொடங்கி, பின்னர் நாடெங்கும் பரவியபோது, பதிவு செய்து காத்திருக்கும் வழக்கம் ஓய்ந்தது. ஆயினும் அந்தச் சொல் அலுவலகங்களுக்குள் தங்கிவிட்டது. கடையிலுள்ள மேசை போன்களையெல்லாம் ஒன்றிணைக்கும் இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டியை வெளியுலகத்தோடு சேர்க்கும் இணைப்பை இன்றும் டிரங்க் லைன் என்றே சொல்கிறோம்.

மேசைகளில் உள்ள எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பெட்டியோடு இணைந்த உள் போன்கள், தமக்குள் பேசிக்கொள்ள டிரங்க் தேவையில்லை. வெளியே பேச விரும்புபவர் 0-ஐ அழுத்தும்போது, பெட்டி ஓய்வாக இருக்கும் ஒரு டிரங்க்கைத் தேர்ந்து, அதன் இரு செம்புக் கம்பிகளையும் இணைத்துச் சுற்றை மூடுகிறது. தொலைபேசி நிலையத்தின் 48 வோல்ட் மின்கலத்திலிருந்து அந்தச் சுற்றில் மின்னோட்டம் பாய்ந்ததும், யாரோ பேச விரும்புகிறார் என்று நிலையம் அறிந்து டயல் டோனை அனுப்புகிறது. முதலில் அழுத்திய 0 பெட்டியோடு நின்றுவிடுவதால், வெளியூர்க் கடையிலிருந்து திருநெல்வேலியின் 0462-ஐச் சேர்த்து அழைப்பவர் இரண்டு பூஜ்யங்கள் அழுத்த வேண்டும்.

எத்தனை டிரங்க் தேவை என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளில் ஒன்றில் இருபது மேசைகள் கொண்ட ஒரு மொத்த வியாபாரக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். தென்காசி, சங்கரன்கோவில், வள்ளியூர் வியாபாரிகள் விலை கேட்கும் காலை நேரத்தில், ஒரு மணி நேரத்துக்குள் வருவதும் போவதுமாக நூறு அழைப்புகள், ஒவ்வொன்றும் சராசரி மூன்று நிமிடம் என்றால், மொத்தப் பேச்சு முந்நூறு நிமிடம், அதாவது ஐந்து மணி நேரம். ஒரு மணி நேரத்துக்குள் ஐந்து மணி நேரப் பேச்சு அடங்க வேண்டுமென்றால் ஐந்து டிரங்க் போதுமே என்று தோன்றும். ஆனால் அழைப்புகள் வரிசை பிடித்து ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை. சில நிமிடங்கள் வெறுமையாகக் கழியும், சில நிமிடங்களில் எட்டுப் பேர் ஒரே சமயத்தில் அழைப்பார்கள். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய டென்மார்க் கணிதவியலாளர் ஆக்னர் க்ராருப் எர்லாங் இந்த ஒழுங்கின்மையைக் கணக்கில் கொண்டு 1917-இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். அதன்படி, நம் கடைக்கு ஐந்து டிரங்க் மட்டும் இருந்தால் நூறில் ஏறத்தாழ 28 அழைப்புகள் வழியின்றித் திரும்பும். பத்து இருந்தால் திரும்புபவை இரண்டுக்கும் குறைவு.

இதே சூத்திரம் இன்னொன்றையும் காட்டுகிறது. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அதுதான். அண்ணன் பிரிவுக்கு ஐந்து, தம்பி பிரிவுக்கு ஐந்து என்று அந்தப் பத்தையும் பங்கு பிரித்துவிட்டால், அழைப்புகளும் சரிபாதியாகப் பிரிந்தாலும், திரும்பும் அழைப்புகள் நூறில் ஏழாக உயர்ந்துவிடும். ஒரு பக்கம் நெரிசலில் திணறும் நேரத்தில் மறுபக்கத்து லைன் சும்மா கிடக்கும். ஒருவருக்கு உபரியானது மற்றவருக்குப் பயன்படாது. ஆகையால் டிரங்க்குகளைப் பொதுவில் வைத்துவிட்டு, வரும் அழைப்பு எந்த மேசையில் ஒலிக்க வேண்டும் என்பதை மட்டும் பெட்டியில் பிரித்து அமைப்பதே முறை.

அடுத்தது, எந்தப் பக்கமிருந்து எடுப்பது என்பது. கடையின் முதன்மை எண்ணுக்கு வரும் அழைப்பை, முதல் லைனிலிருந்து தொடங்கி ஓய்வானதைத் தேடி நிலையம் சேர்க்கிறது. இதற்கு ஹன்டிங் என்று பெயர். பெட்டியும் வெளியழைப்புக்கு முதல் லைனையே நாடினால், நிலையம் ஓர் அழைப்பை உள்ளே தள்ளி, முதல் மணி ஒலிக்குமுன் உள்ள சிறு இடைவெளியில் கடைக்காரர் அதே லைனை எடுத்துவிடக்கூடும். டயல் டோனை எதிர்பார்த்தவர் காதில் முன்பின் அறியாத ஒருவர் பேசுவது இப்படித்தான். பெட்டி கடைசி லைனிலிருந்து பின்னோக்கித் தேடும்படி அமைத்தால், இரு தரப்பும் எதிரெதிர் முனைகளிலிருந்து வருவதால் இந்த மோதல் அரிதாகிறது.

அழைப்பு முடிந்ததைப் பெட்டி உணர்வதும் எளிதன்று. வெளியிலிருப்பவர் போனை வைத்துவிட்டால் நிலையம் 400 ஹெர்ட்ஸ் ஒலியை 0.75 வினாடி ஒலித்து, 0.75 வினாடி நிறுத்தி அனுப்புகிறது. இந்தத் தாளத்தைப் பெட்டிக்குச் சரியாகச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். கடை மூடிய பின் முதலாளியின் செல்போனுக்குத் திருப்பிவிட்ட அழைப்பில், உள்ளே வந்த லைன், வெளியே சென்ற லைன் என இரண்டு டிரங்க்குகள் பிணைந்திருக்கும். இருவரும் பேசி முடித்த பிறகும், தாளம் புரியாத பெட்டி அவற்றை விடியும்வரை பிடித்து வைத்திருக்கும். இதைவிட நம்பகமான வழி, கம்பிகளின் மின்துருவத்தை நிலையமே மாற்றிக் காட்டுவது. எஸ்.டி.டி. பூத்துகளின் மீட்டர்கள் பேச்சு தொடங்கிய நொடியை அறிந்ததும் இதனால்தான். உங்கள் லைனில் இந்த வசதி கிடைக்குமா என்று கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

பெரிய நிறுவனங்கள் தனித்தனிச் செம்பு லைன்களுக்குப் பதிலாக, 30 பேச்சுத் தடங்களை ஒன்றாகத் தரும் பி.ஆர்.ஐ. இணைப்பைப் பெறுகின்றன. இப்போது இணையவழி எஸ்.ஐ.பி. டிரங்க்குகளும் பெருகிவருகின்றன. இதில் வழக்கமான முறையில் ஒரு பேச்சுக்கு ஒவ்வொரு திசையிலும் வினாடிக்கு ஏறத்தாழ 80 கிலோபிட் செலவாகும். பத்துப் பேச்சுகளும் 1 மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். எர்லாங்கின் கணக்கு இங்கும் மாறுவதில்லை.

ஒன்று மட்டும் மாறுகிறது. செம்புக் கம்பி தனக்கு வேண்டிய மின்சாரத்தை நிலையத்திலிருந்தே கொண்டுவரும். கடையில் கரண்ட் போய்ப் பெட்டி அணைந்தாலும், அதிலுள்ள ரிலே என்னும் மின்சுவிட்ச் தானாக விழுந்து, ஒரு டிரங்க்கை நேரே ஒரு சாதாரண போனோடு சேர்த்துவிடும். எஸ்.ஐ.பி. இணைப்பில் மோடம் அணைந்தால் எல்லா வழிகளும் ஒரே நொடியில் அணைந்துவிடும். 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி கரைபுரண்டோடிய நாட்களைக் கண்ட இம்மாவட்டத்தில், ஒன்பது டிரங்க்குகளை இணையவழிக்கு மாற்றும் கடைக்காரர் பத்தாவதைச் செம்பிலேயே விட்டு, கல்லாவுக்கு அருகில், தரையிலிருந்து நல்ல உயரத்தில் ஒரு சாதாரண போனை மாட்டி வைக்கலாம்.