காலனி: குடி வந்தவரும் குடி இருந்தவரும்

முதலில் எழுத்துப் பிழையை முடித்துவிடுவோம். இணையத்தில் அடிக்கடி “காலணி ஆதிக்கம்” என்று கண்ணில் படுகிறது. மூன்று சுழி ‘ண’ போட்டால் அது செருப்பு. அடுத்தவர் நாட்டை மிதித்துக்கொண்டு ஆண்டவர்களுக்கு அதுவும் பொருத்தம்தான் என்று கேலி பேசலாம். ஆனாலும் எழுத வேண்டியது இரண்டு சுழி ‘ன’தான்: காலனி.

சொல்லின் வேர் வயலில் இருக்கிறது. லத்தீனில் ‘கொலேரே’ என்றால் உழுது பயிரிடுதல். பயிரிடுபவர் ‘கொலோனுஸ்’, அவர் போய்க் குடியமர்ந்த இடம் ‘கொலோனியா’. கல்ச்சர் என்ற சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான். பிடித்த நாடுகளில் ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கு நிலம் கொடுத்து அமர்த்துவது ரோமாபுரியின் வழக்கம். ஜெர்மனியின் கொலோன் நகரம் அந்தப் பழைய பெயரை இன்றும் சுமந்துகொண்டிருக்கிறது.

பிரிட்டனும் ஒரு காலத்தில் இப்படி அகப்பட்ட நாடுதான். கி.பி. 49-இல், இன்றைய கோல்செஸ்டர் இருக்கும் இடத்தில் ரோமானியர்கள் ஒரு கொலோனியாவை அமைத்தார்கள். குடி வந்த வீரர்கள் உள்ளூர் மக்களை வீடு வாசலிலிருந்தும் நிலத்திலிருந்தும் விரட்டினார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஐசீனியர் என்ற பிரிட்டன் பழங்குடியின் அரசி பூடிக்கா கிளர்ந்தெழுந்தபோது முதலில் எரிந்த ஊர் அதுதான். அப்புறம் லண்டனும் எரிந்தது. கடைசியில் ரோம் வென்றுவிட்டது என்பது வேறு கதை.

சரி, தமிழுக்கு வருவோம். காலனிக்கு நேர்ச்சொல்லாக அகராதிகள் தருவது ‘குடியேற்றம்’, ‘குடியேற்ற நாடு’. நல்ல ஆக்கம். ‘குடி’ என்பது குடும்பத்தையும் ஆளப்படும் மக்களையும் குறிக்கும். குடியானவர் என்றால் உழவர். கொலோனுஸுக்கும் குடியானவருக்கும் இப்படி ஒரு பொருள் ஒற்றுமை தற்செயலாக அமைந்துவிட்டது.

இந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்துவது வட அமெரிக்காவின் 13 குடியேற்றங்களுக்கு. அங்கே பிரிட்டனை எதிர்த்து எழுந்து நின்றவர்கள் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து போய்க் குடியேறியவர்களும் அவர்களின் பிள்ளை பேரன்களும். நடுவே மூவாயிரம் மைல் கடல். லண்டனில் போட்ட உத்தரவு கரை சேரவே வாரக்கணக்கில் ஆகும். தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத நாடாளுமன்றம் 1765-இல் முத்திரை வரி விதித்ததும் பகை மூண்டது. 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். தேயிலை யாருடையது? நம்மூரில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியுடையது.

1776 ஜூலையில் விடுதலைப் பிரகடனம் வந்தது. பெயரை மாற்ற இன்னும் இரண்டு மாதம் பிடித்தது. அதுவரை ‘ஒன்றுபட்ட காலனிகள்’ என்று எழுதிவந்ததை, செப்டம்பர் 9 அன்று ‘ஒன்றுபட்ட மாநிலங்கள்’ என்று மாற்றினார்கள். குடியேற்றம் குடியரசானது; தமிழில் சொன்னால் இரண்டிலும் ‘குடி’ இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்கள் சறுக்கும் இடம் ஒன்று இங்கே உண்டு. அந்தக் குடியேறிகள் பிரிட்டனைத் ‘தாய்நாடு’ என்றே அழைத்தார்கள். அதை அப்படியே தமிழில் போட்டு, “தாய்நாட்டை எதிர்த்துப் போராடினர்” என்று எழுதினால் படிப்பவருக்குத் துரோகம் என்றுதான் தோன்றும். தமிழில் தாய்நாடு என்றால் அவரவர் பிறந்த மண். ‘பூர்விக நாடு’ என்றோ ‘ஆளும் நாடு’ என்றோ எழுதினால் குழப்பம் இல்லை.

அந்த மண்ணில் முன்பே வாழ்ந்த பூர்வகுடிகளுக்கு விடுதலை வரவில்லை. பிரிட்டனுடன் நடந்த விடுதலைப் போரை முடித்த 1783 பாரீஸ் உடன்படிக்கை, மிசிசிப்பி ஆறுவரை இருந்த நிலத்தைப் புதிய நாட்டுக்கு எழுதிக்கொடுத்தது. பூர்வகுடிகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அல்ஜீரியாவில் கதை தலைகீழ். 1830-இல் பிரான்ஸ் படையெடுத்துப் பிடித்த அந்த நாட்டில், நிலம் வாங்கி வளமாக வாழ்ந்த ஐரோப்பியருக்குப் பெயரே ‘கொலோன்’. 1954 நவம்பரில் தொடங்கி 1962 ஜூலையில் விடுதலையில் முடிந்த போர், பிரான்ஸை மட்டுமல்ல, அந்தக் கொலோன்களையும் எதிர்த்து நடந்தது. அமெரிக்காவில் குடி வந்தவர் போராடினார். அல்ஜீரியாவில் குடி இருந்தவர் போராடினார். இரண்டு நாட்டுக்கும் உலகம் ‘காலனி’ என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது.

இந்தியாவைக் ‘குடியேற்ற நாடு’ என்பது எனக்கு ஒட்டவில்லை. இங்கே வெள்ளையர் பெருங்கூட்டமாகக் குடியேறவில்லை, ஆண்டார்கள், அவ்வளவுதான். பிரிட்டிஷ் அரசின் காகிதத்திலும் இந்தியா காலனித் துறையின் கீழ் இல்லை. அதற்கென்று தனித் துறை இருந்தது. இலங்கையோ 1802-இலேயே முறைப்படி முடிக்குரிய காலனி, அதாவது பிரிட்டிஷ் அரசு நேரடியாக ஆண்ட காலனி. ஆகவே மக்கள் போய் அமர்ந்த இடத்துக்குக் ‘குடியேற்ற நாடு’, வெறும் ஆட்சி நடந்த இடத்துக்கு ‘அயலாட்சி நாடு’ என்று பிரித்து எழுதலாம் என்பது என் எண்ணம். அல்ஜீரியாவுக்கு இரண்டும் பொருந்தும். ஆதிக்க முறையைச் சொல்லக் காலனியாதிக்கம், காலனித்துவம் இரண்டும் நன்றாகவே வேரூன்றிவிட்டன; அவற்றைப் பிடுங்க வேண்டியதில்லை.

1960 டிசம்பர் 14 அன்று, காலனி நாடுகளுக்கு விடுதலை வழங்கும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றியது. ஆதரவு 89, எதிர்ப்பு இல்லை. வாக்களிக்காமல் ஒதுங்கிய ஒன்பது நாடுகளில் பிரிட்டனும் பிரான்ஸும் இருந்தது வியப்பில்லை. அமெரிக்காவும் இருந்தது.

தமிழ்நாட்டில் இந்தச் சொல் இன்னொரு வழியிலும் போனது. நகரத்தில் ‘காலனி’ என்றால் வரிசை வீடுகள். கிராமத்தில் அது ஊருக்கு வெளியே தலித் மக்கள் வாழும் பகுதி. ‘வந்து குடியேறியவர்’ என்று பொருள்படும் சொல், தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தவர்கள்மேல் போய் ஒட்டிக்கொண்டது. நாளடைவில் வசையாகவும் ஆனது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு, ஆவணங்களிலிருந்து இச்சொல்லை நீக்கப்போவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தது. அந்த இடத்தில் எழுதக் ‘குடியிருப்பு’ என்ற சொல் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது.