ரீபண்ட்: கொடையா, மீளளிப்பா?

களுவாஞ்சிகுடிப் பெரியம்மா போன் எடுத்தா. "மனே, ரீபண்ட் காசு வந்திட்டு, அரசாங்கம் போனஸ் தந்திருக்கு!" வட்டியில் வரியாகப் பிடித்த பதினாறாயிரம் ரூபாய் திரும்பி வந்திருக்கிறது. காசு வந்தது சந்தோசம்தான், ஆனால் அந்தப் 'போனஸ்' என்ற சொல் எனக்கு ஒத்து வரவில்லை.

அவவுடைய 20 இலட்சம் நிலையான வைப்புக்கு 8 வீதப்படி வருடத்துக்கு 160,000 ரூபாய் வட்டி. அதில் 10 வீதத்தை வங்கியே வரியாகப் பிடித்து, இலங்கை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பிவிடும். 2025 ஏப்ரலுக்கு முதல் 5 வீதமாக இருந்தது. பென்சனையும் வட்டியையும் கூட்டினாலும் அவ 18 இலட்சம் என்ற வருடாந்த வரிவிலக்கு எல்லையைத் தொடமாட்டா, ஆக கட்டவே தேவையில்லாத வரி அது. வருமானம் இவ்வளவுதான் என்று வங்கியில் முதலே ஒரு பிரகடனம் கொடுத்திருந்தால் பிடித்திருக்கவும் மாட்டார்கள். வந்தது அவவுடைய சொந்தக் காசு, அதுவும் ஒரு சதம் வட்டி இல்லாமல்.

ரீபண்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் 'ரெஃபுண்டரே': 'ரெ' என்றால் திரும்ப, 'ஃபுண்டரே' என்றால் ஊற்று. குடத்தில் இருந்து வார்த்த தண்ணியைத் திரும்பக் குடத்திலேயே ஊற்றுவதுதான் முதல் பொருள். நிதியைக் குறிக்கும் 'ஃபண்ட்' வேறொரு வேரில் இருந்து வந்தது, ஓசை மட்டும்தான் ஒத்துப்போகிறது.

தமிழில் இங்கே மீளளிப்பு என்கிறோம். நல்ல சொல்தான், 'மீள்' இருப்பதால் திரும்பி வருகிற காசு என்பது மறையாது. அளித்தல்தான் கொஞ்சம் உறுத்துகிறது, பழந்தமிழில் 'அளி' என்றால் அருள், ராசா இரங்கிக் கொடுத்தது போல ஒரு வாடை. வாங்குகிறவர் பக்கம் நின்று சொல்வதென்றால் 'மீளப்பெறல்' எனக்குப் பிடிக்கும். கழிவு, சலுகை, நிவாரணம் எல்லாம் வேறு, இதோடு குழப்பக்கூடாது.

பெரியம்மா மட்டுமில்லை, உலகமே இதைக் கொடையாகத்தான் எண்ணுகிறது. அமெரிக்காவில் இதற்கு ஒரு பருவமே உண்டு, பெப்ரவரியில் இருந்து ஏப்ரல் வரை, ஒரு மீளளிப்பு சராசரியாகச் சுமார் 3,000 டொலர். நமக்குப் பெரும்போகம் வெட்டி நெல் விற்ற கையோடு கல்முனை, காத்தான்குடிக் கடைகளில் சனம் நெரிபடுமே, அதே கதை: கடன் அடையும், பழைய கார் மாறும், தளபாடம் வரும், மிஞ்சினால்தான் சேமிப்பும் பங்கும். 2001இல் அங்கே வீடுகளுக்கு 300 முதல் 600 டொலர் வரை வரியைத் திருப்பிக் கொடுத்தபோது, ஜான்சன், பார்க்கர், சூலெலெஸ் என்ற பொருளியலாளர் மூவர் கணக்குப் பார்த்தார்கள். காசு கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள்ளேயே அதில் 20 முதல் 40 வீதம் வரை சாப்பாடு, உடுப்பு போன்ற அன்றாடச் செலவுக்குப் போயிருந்தது. அதனால்தான் பங்குச் சந்தைக்காரர் மீளளிப்புத் திகதியைப் பார்த்துக்கொண்டிருப்பது. 2017இல் ஒரு புதுச் சட்டத்தால், பிள்ளைகுட்டி உள்ள குறைந்த வருமானக்காரர் பலருக்குக் காசு பெப்ரவரி நடுப்பகுதி வரை பிந்தியது. காசு பிந்தினால் கடை வியாபாரமும் பிந்தும், அந்தக் கடைக் கம்பனிகளின் பங்குதானே சந்தையில் ஓடுகிறது.

இங்கே அப்படியொரு பருவம் இல்லை, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நேரம் வரும், சந்தை அசையாது. பெரியம்மா அந்தப் பதினாறாயிரத்தோடு கொஞ்சம் போட்டு, அடகில் கிடந்த பேத்தியின் தோட்டை மீட்டா. மீள், மீட்பு, இரண்டுக்கும் ஒரே வேர் என்று சொன்னேன். "அப்ப அதுவும் என்ட காசுதானே மனே" என்றா.