சௌன்: உடையவர் மாற்றம்

‘கோப்பின் உரிமையை மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை.’ லினக்ஸ் இயங்குதளம் பற்றிய ஒரு தமிழ்க் கையேட்டில் இருந்த வரி இது. முதலில் வரும் உரிமை ஒன்று, அடுத்து வரும் உரிமை வேறொன்று. எது எது என்பதை வாசிப்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டும். கோப்பு யாருடையது என்பதை மாற்றும் சௌன் (chown) கட்டளை வந்தாலே ‘உரிமை மாற்றம்’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

சொல்லின் பிறப்பு எளிது. சேஞ்ச் ஓனர் என்பதன் குறுக்கம்தான் சௌன். 1971-இல் வந்த, லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் முதல் பதிப்பின் கையேட்டிலேயே இருக்கிறது. நாம் தட்டச்சு செய்யும் கட்டளைக்கும், அது இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் போய்க் கேட்கும் சிஸ்டம் காலுக்கும் ஒரே பெயர். சிஸ்டம் காலை இயங்குதள அழைப்பு என்று சொல்லலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த அழைப்புக்கு மூன்று கொடுக்க வேண்டும்: கோப்பின் பாதை, புதிய பயனர் எண், புதிய குழு எண். எதை மாற்ற வேண்டாமோ அங்கே -1. கெர்னல் அந்தக் கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் ஐநோடில் பழைய எண் இருந்த இடத்தில் புதிய எண்ணை எழுதும். அவ்வளவுதான். பெயர்கூட அங்கே கிடையாது. 1000 என்ற எண் யாரைக் குறிக்கிறது என்பது வேறொரு பட்டியலில் இருக்கிறது.

இப்போது கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) கட்டளையை நீளப் பட்டியலாகப் போட்டுப் பாருங்கள். அதன் முதல் பத்தியில், அதாவது முதல் நெடுவரிசையில், ஆர், டபிள்யூ, எக்ஸ் என்ற எழுத்துகள். யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் இயக்கலாம் என்பதை அது சொல்கிறது. மூன்றாம் பத்தியில் ஒரு பெயர். ‘இது யாருடையது?’ என்ற கேள்விக்கு அது பதில். முதல் பத்தியை மாற்றுவது சிமாட் (chmod) கட்டளை, மூன்றாம் பத்தியை மாற்றுவது சௌன். இரண்டையும் ‘உரிமை’ என்ற ஒரே சொல்லில் அடைத்தால் கற்பவர் என்ன செய்வார்?

என்ன செய்வார் என்பதைக் கண்ணால் பார்த்தேன். நான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பையனின் இணைய வழங்கியில் (சர்வரில்) படம் பதிவேறவில்லை. கோப்புறை, எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் பயனரின் பெயரில் இருந்தது, வழங்கி நிரல் வேறு பயனராக ஓடிக்கொண்டிருந்தது. அவன் கையில் வைத்திருந்த குறிப்பு, ‘கோப்புறையின் உரிமையை மாற்றவும்’ என்றது. உரிமை என்றதும் அவனுக்கு ஆர், டபிள்யூ, எக்ஸ்தான் நினைவுக்கு வந்தது. எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் சிமாட் 777 என்று அடித்தான். படம் பதிவேறியது, அவனும் சந்தோஷப்பட்டான். அந்தக் கணினியில் ஓடும் எந்த நிரலும் அந்தக் கோப்புறையில் எதையும் எழுதலாம், எதையும் அழிக்கலாம் என்ற நிலை வந்ததை அவன் கவனிக்கவில்லை. தப்பு அவனுடையதா? குறிப்பை எழுதியவர் தேர்ந்த சொல்லின் தப்பு அது.

சரி, சொல்லுக்கு வருவோம். உரிமையும் உடைமையும் ஒன்றுக்கொன்று உறவானவை, ஆனால் ஒன்றல்ல. உரிமை என்பது உரியது, தகுவது, செய்துகொள்ளலாம் என்ற நிலை. பேச்சுரிமை, வாக்குரிமை என்பவை எல்லாம் இந்த வழியில் வந்தவை. உடைமை என்பது ஒன்றைத் தனதாகக் கொண்டிருப்பது. ஆறாம் வேற்றுமையில் ‘உடைய’ வருகிறதே, அதே சொல்தான். ‘என்னுடைய கோப்பு’ என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். மூன்றாம் பத்தியின் பொருள் நம் வேற்றுமை இலக்கணத்திலேயே இருக்கிறது!

‘வீட்டு உரிமையாளர் என்று சொல்கிறோமே, கோப்பு உரிமையாளர் என்றால் என்ன?’ என்று கேட்பார்கள். வீட்டுக்கு அது பொருந்தும். சட்டத்தில் ஒரு பொருளை உடையவராக இருப்பதே பல உரிமைகளின் தொகுப்பு: குடியிருக்கலாம், வாடகைக்கு விடலாம், விற்கலாம். கோப்பில் கதை வேறு. தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் கோப்புறையில் ஒரு கோப்பை உருவாக்கி அதற்கு 044 என்று சிமாட் கொடுங்கள்: உடையவருக்கு எதுவும் இல்லை, குழுவும் மற்றவரும் படிக்கலாம் என்று பொருள். அதே பயனராகத் திறந்து பாருங்கள், அனுமதி மறுக்கப்படும். வேறொரு பயனராக நுழைந்து திறந்தால் உள்ளே இருப்பது தெரியும். நீங்கள் உடையவர் என்று கண்டதும் கெர்னல் உங்களுக்கான எழுத்துகளை மட்டுமே பார்க்கிறது, குழுவுக்கும் மற்றவர்க்கும் உரிய எழுத்துகளுக்குப் போவதே இல்லை. இதை ‘உரிமையாளருக்கு உரிமை இல்லை, மற்றவர்க்கு உரிமை உண்டு’ என்று எழுதிப் பாருங்கள், உளறல் போல இருக்கும். ‘உடையவருக்கு அனுமதி இல்லை, மற்றவர்க்கு உண்டு’ என்றால் ஒரே வாசிப்பில் விளங்கும்.

இன்னொன்று. லினக்ஸில் சாதாரணப் பயனர் தன் கோப்பை அடுத்தவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. ரூட் போல அதற்கான அதிகாரம் பெற்றவர்தான் மாற்ற வேண்டும். தான் இருக்கும் வேறொரு குழுவுக்கு மாற்றலாம், அவ்வளவே. யூனிக்ஸின் சிஸ்டம் ஃபைவ் கிளையில் கொடுத்துவிடலாம் என்று இருந்தது. பிஎஸ்டி கிளை அதைத் தடுத்தது. வட்டில் அவரவர்க்கு ஒதுக்கிய அளவை, கோப்பை அடுத்தவர் தலையில் கட்டி ஏய்த்துவிடலாம் என்பதுதான் காரணம். ஆக, தன் பொருளைக் கொடுக்கக்கூட முடியாதவரை ‘உரிமையாளர்’ என்று அழைக்கிறோம்.

சிலர் ‘சொந்தக்காரர்’ என்கிறார்கள். பேச்சில் அதற்கு உறவினர் என்ற பொருளும் உண்டே. ‘பெயர் மாற்றம்’ என்றும் பார்த்தேன். கோப்புக்கு வேறு பெயர் வைப்பதற்குத் தனி அழைப்பு இருக்கிறது, அந்தத் தமிழ்ப் பெயர் அதற்குத்தான் வேண்டும். ‘கைமாற்று’ என்றால் திருப்பித் தர வேண்டிய சின்னக் கடன். கிழமை, கிழவன் என்பவை உடைமைக்கும் உடையவருக்கும் பழந்தமிழில் இருந்த அருமையான சொற்கள். ஆனால் இன்று கோப்பின் கிழவர் என்று எழுதினால் யாருக்கும் புரியாது. தூய்மை வேண்டும் என்று நினைப்பவன்தான் நான், புரியாத தூய்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

உடைமை என்றால் பயணிகளின் மூட்டை முடிச்சு என்று ஒரு மறுப்பு வரும். அது ‘உடைமைகள்’ என்ற பன்மை. அன்புடைமை, அறிவுடைமை என்று குறளின் அதிகாரத் தலைப்புகளில் வருவது கொண்டிருக்கும் தன்மை, நமக்கு வேண்டியதும் அதுதான். உடையவர் என்றதும் இராமானுசர் நினைவு வருகிறதே என்றார் ஒரு நண்பர். வரட்டும், கோப்பைப் பற்றிப் பேசும் இடத்தில் யாரும் குழம்பப் போவதில்லை.

மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்குள்ள மனக்குறை இதுதான்: அகராதியைத் திறந்து முதலில் கண்ட சொல்லை எடுத்து வைக்கிறார்கள், அதே கையேட்டின் அடுத்த பக்கத்தில் அந்தச் சொல் எதற்குப் பயன்பட்டிருக்கிறது என்று பார்ப்பதில்லை. ஒரு கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

சௌன் உடையவர் மாற்றம், சிமாட் அனுமதி மாற்றம் என்று வைத்துக்கொண்டு கையேட்டின் கடினமான ஓர் இடத்தை, சௌனின் ஒரு வகையான எல்சௌன் (lchown) வரும் இடத்தை, எழுதிப் பார்த்தேன்: ‘எல்சௌன், குறியீட்டு இணைப்பு சுட்டும் கோப்பை விட்டுவிட்டு, இணைப்பின் உடையவரையே மாற்றும். சாதாரணப் பயனர் ஓர் இயங்கு கோப்பில் சௌன் அழைத்தால், உடையவரின் அதிகாரத்தோடு ஓடச் செய்யும் அனுமதிக் குறி அதிலிருந்து நீக்கப்படும்.’ அந்தப் பையனிடமே படிக்கக் கொடுத்தேன். எந்தச் சொல்லுக்கும் அவன் விளக்கம் கேட்கவில்லை. அந்தக் குறியை ஏன் நீக்குகிறார்கள் என்றுதான் கேட்டான்.