மொட்டை மாடி ஆன்டெனாவும் எஸ்டிஆரின் பாதுகாப்பும்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் மொட்டை மாடியில் ஏறி நின்றால் பக்கத்தில் மறைக்க மலை எதுவும் கிடையாது. ரேடியோ அலை பிடிக்க நல்ல சீமை. எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) டாங்கிள் ஒன்றைக் கணினியில் செருகி, மாடியில் ஆன்டெனா கட்டினால், எஃப்எம் நிலையங்களில் தொடங்கி 1090 மெகாஹெர்ட்ஸில் விமானங்கள் தங்கள் இருப்பிடத்தைச் சொல்வது வரை பிடிக்கலாம். அலையை எண்களாக மாற்றுவது மட்டும்தான் கருவியின் வேலை. மற்றதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

ஒரு வாட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான சிக்னலைக் கேட்கும் கருவி இது. அதனால் முதல் பெருக்கியில் உள்ள குறைகடத்திப் படலங்கள் மிக மெல்லியவை. ஹேக்ஆர்எஃப் ஒன் என்ற எஸ்டிஆர் கருவிக்குள் அதிகபட்சம் -5 டிபிஎம், அதாவது சுமார் 0.3 மில்லிவாட்தான் போகலாம். அதற்கு மேல் போனால் நிரந்தரமாகப் பழுதாகலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது.

எல்லோரும் பயப்படுவது இடிக்குத்தான். ஆனால் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர் ஒருவர் அதே மாடியில் நின்று 145 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் கைக்கருவியை அழுத்தினால் என்ன ஆகும்? இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் உங்கள் ஆன்டெனாவில் தோராயமாகச் சில பத்து மில்லிவாட் இறங்கும். மழையும் வேண்டாம், மின்னலும் வேண்டாம், கதை முடிந்தது. அப்புறம் சித்திரை, வைகாசியில் காய்ந்த காற்றும் புழுதியும் உரசி, தரையோடு தொடர்பில்லாத ஆன்டெனாக் கம்பியில் மின்னேற்றம் சேரும். கேபிளைச் செருகும் நொடியில் அது சிப்புக்குள் பாயும். இதற்கு வைத்தியம் மலிவு: கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே 1 லட்சம் ஓம் மின்தடை ஒன்று போட்டால் சேர்வது அவ்வப்போது வடிந்துவிடும்.

செட்டிநாட்டு வீடுகளில் வருகிறவரை முகப்பிலேயே உட்காரவைத்துப் பேசி அனுப்புவார்கள். வளவுக்குள் போவது வேண்டியவர்கள் மட்டும். ரிசீவர் காவலும் இப்படித்தான் கட்டு கட்டாக. முதல் கட்டில் வாயுக் குழாய்: சுமார் 90 வோல்ட்டில் உள்ளே இருக்கும் வாயு மின்னைக் கடத்தத் தொடங்கி, பெரிய பாய்ச்சலை எர்த்துக்குத் திருப்பும். ஆனால் அது விழித்துக்கொள்வதற்குள் சிப் போய்விடும். எனவே அடுத்து ஒரு சின்ன மின்தேக்கி. மின்னலின் ஆற்றலில் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால், விஎச்எஃப் (30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ்) சிக்னலை விட்டுவிட்டு அதை இது தடுக்கும். கடைசியாக எதிரெதிராக வைத்த இரண்டு டயோடுகள். சிலிக்கான் என்றால் 0.7 வோல்ட்டுக்கு மேல் ஏற விடாது.

சரி, அது போதுமா? 50 ஓம் சுற்றில் 0.7 வோல்ட் உச்சம் என்பது சுமார் 5 மில்லிவாட். ஹேக்ஆர்எஃப் தாங்குவதைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேல்! அதைவிடக் குறைந்த வோல்ட்டிலேயே கடத்தத் தொடங்கும் ஷாட்கி டயோடு போட்டாலும் கிட்டத்தட்ட 1 மில்லிவாட் வரும். ஆகவே ஷாட்கி டயோடுக்குப் பின்னால், திறனைப் பத்தில் ஒன்றாக்கும் 10 டிபி குறைப்பான் ஒன்று வேண்டும். அதனால் மெல்லிய சிக்னல் இன்னும் மெலியும்.

டயோடுக்கு வேறொரு கெட்ட குணமும் உண்டு. 98, 102 மெகாஹெர்ட்ஸில் வலுவான நிலையங்கள் இரண்டு இருந்தால், 94இலும் 106இலும் இல்லாத நிலையங்களை அதுவே முளைக்கவைக்கும். எஃப்எம் அலைகளைத் தடுக்கும் வடிகட்டியை டயோடுக்கு முன்னால் வைத்தால் இது அடங்கும். என்னைக் கேட்டால், அருகில் அலைபரப்பி இல்லாதவர் கூடுதல் டயோடே போட வேண்டாம்.

எர்த்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. நம்மூர்ச் செம்புரைக்கல் தரை கோடையில் காய்ந்து, மின்தடை ஏறிவிடும். குழியை ஆழமாகத் தோண்டி ஈரமாக வைக்க வேண்டும். செம்புக் கம்பியை இரும்புக் குழாயில் நேரடியாக முறுக்கிவிட்டால் ஈரத்தில் இரும்பு அரிக்கும். அரிமானத்தை ஆராயும் செக்ரி நிறுவனம் இருக்கும் ஊரில் இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

நேரடி இடி விழுந்தால் எந்தக் காவலும் நிற்காது. பல்லாயிரம் ஆம்பியர் அது. வானம் கறுக்கும்போதே ஆன்டெனா கேபிளைக் கழற்றுங்கள். கழற்றிய முனையைக் கணினி மேசையில் போடாமல் வீட்டுக்கு வெளியே எர்த்தில் இணையுங்கள். இடிச் சத்தம் காதில் விழுந்துவிட்டால் கேபிளைத் தொடப் போகாதீர்கள், மின்னல் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறீர்கள்.